ஒரே அட்டவணையில் உக்ரைனியரும் எத்தியோப்பியரும்

அமெரிக்காவில் வாழும் சமூகங்களின் வருமானத்தைப் பூர்வீக நாடு வாரியாக அடுக்கிக் காட்டும் அட்டவணைகளில், உக்ரைன் வம்சாவளிக் குடும்பங்கள் அந்நாட்டின் பொது அளவுக்கு மேலேயும், எத்தியோப்பிய வம்சாவளிக் குடும்பங்கள் அதற்குக் கீழேயும் நிற்கின்றன. இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு சமூகம் உழைத்து முன்னேறியது, இன்னொன்று பின்தங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுபவர்கள் நிறையப் பேர். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தத் தீர்ப்பின் தொனி நன்றாகவே பழக்கம். "சௌகார்பேட்டையில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு வளர்ந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறீர்கள்?" என்று வடசென்னைக்காரர்களிடம் கேட்பவர்கள் போடுவதும் இதே கணக்குத்தான். அதனாலேயே, எங்கோ இருக்கும் இந்த இரண்டு சமூகங்களின் கதையைக் கொஞ்ச காலமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஒரு சமூகத்தின் இன்றைய வருமானத்தைப் பற்றி வாய் திறக்கும் முன், அது எந்த ஆண்டில் வந்தது, எந்தக் காகிதத்தோடு உள்ளே விடப்பட்டது, அது கொண்டுவந்த படிப்பையும் உழைப்பையும் வந்த இடம் என்ன விலைக்கு எடுத்துக்கொண்டது என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். உக்ரைன் நிலப்பகுதியிலிருந்து மக்கள் அமெரிக்காவுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு ஆலைகளிலும் கடைநிலைக் கூலிகளாக அவர்கள் வேலை பார்த்தார்கள். அன்றைக்கு ஓர் அட்டவணை போட்டிருந்தால் அவர்களும் அடிவரிசையில்தான் இருந்திருப்பார்கள். 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் கடுமையாகக் குறைத்தது என்றாலும், அதற்குள் ஒரு தலைமுறை அங்கே வேர்விட்டிருந்தது. அதே சட்டத்தில் எத்தியோப்பியாவுக்கு ஒதுக்கப்பட்டது ஆண்டுக்கு 100 இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனி, ஆஸ்திரியா முகாம்களில் தேங்கி நின்ற உக்ரைனியர்கள் 1948-ஆம் ஆண்டின் இடம்பெயர்ந்தோர் சட்டத்தின் வழியாகப் பல்லாயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். எத்தியோப்பியர்களின் வரவோ, 1974-ல் பேரரசர் ஹெய்லி செலாசியைக் கவிழ்த்து டெர்க் இராணுவக் குழு ஆட்சியைப் பிடித்து, 1977, 1978-ஆம் ஆண்டுகளில் 'செம்பயங்கரம்' என்ற பெயரில் நகரத்துப் படித்த இளைஞர்களைக் கொன்று குவித்த பிறகே பெருமளவில் தொடங்கியது. 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டமும், அதன்பின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பன்முக விசா குலுக்கலும்தான் அவர்களுக்குத் திறந்த பெரிய வழிகள்.

ஆக, 'உக்ரைன் வம்சாவளி' என்ற வரியில் சுரங்கத் தொழிலாளியின் கொள்ளுப்பேத்தியாகப் பிறந்து, ஆங்கிலம் மட்டுமே பேசி, பாட்டன் கட்டிய வீட்டில் வாழும் வழக்கறிஞரும் அடக்கம். 'எத்தியோப்பிய வம்சாவளி' என்ற வரியிலோ, வாஷிங்டன் விமான நிலையத்தில் இரவுப் பணி பார்க்கும் முதல் தலைமுறையினரே பெரும்பகுதி. இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை. உக்ரைனில் பிறந்தவர்களை மட்டும் பிரித்து எடுத்தால் படம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சோவியத் யூனியனில் மத ஒடுக்குமுறைக்கு ஆளான யூதர்களுக்கும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்கும் அகதித் தகுதியை எளிதாக்கிய 1989-ஆம் ஆண்டின் லாட்டன்பெர்க் சட்டத் திருத்தத்தின் மூலம் வந்து, கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பக்கம் குடியேறிய பெந்தெகொஸ்தே குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம். ஒருவர் கட்டுமான வேலைக்கோ லாரி ஓட்டவோ போக, எட்டு வாய்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. புரூக்ளினின் பிரைட்டன் பீச்சில் வந்து இறங்கிய முதியவர்களோ, அரசு உதவித்தொகையில்தான் கடைசிக் காலத்தை ஓட்டினார்கள். குடும்ப வருமானம் என்ற ஒற்றை எண் எத்தனை பேர் சம்பாதித்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று எதையும் சொல்வதில்லை. கணவன் பகலில் டாக்ஸி ஓட்ட, மனைவி இரவில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக நிற்கும் எத்தியோப்பியக் குடும்பத்தின் வருமானமும், ஒரே ஒருவர் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஈட்டும் வருமானமும் தாளில் ஒரே தொகையாக இருக்கலாம். வாழ்க்கை ஒன்றல்ல.

அடுத்தது காகிதம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்தது. மார்ச் 3-ஆம் நாள், அதாவது ஒரே வாரத்தில், அமெரிக்காவில் ஏற்கெனவே இருந்த உக்ரைனியர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு, அதாவது திருப்பி அனுப்பப்படாமல் தங்கி வேலை செய்யும் அனுமதி, அறிவிக்கப்பட்டது. அதற்கு மறுநாள் ஐரோப்பிய ஒன்றியம், 2001-ல் இயற்றி ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதல் தடவையாகச் செயல்படுத்தி, தங்கும் உரிமை, வேலை செய்யும் உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவம் என எல்லாவற்றையும் தனித்தனி விசாரணை இல்லாமல் கொடுத்தது. எத்தியோப்பியாவில் திக்ரே போர் தொடங்கியது 2020 நவம்பரில். பஞ்சமும் கூட்டக் கொலைகளும் பாலியல் வன்முறையும் நிறைந்த அந்தப் போரிலிருந்து தப்பியவர்களுக்காக ஐரோப்பாவின் அந்த ஆணை அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை. அமெரிக்காவில் இருந்த எத்தியோப்பியர்களுக்கு அதே தற்காலிகப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது 2022 அக்டோபரில், போர் தொடங்கி ஏறக்குறைய 2 ஆண்டுகள் கழித்து, போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சில நாட்கள் முன்பு.

உக்ரைனியர்களுக்குக் கிடைத்தது தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். குண்டு விழும் ஊரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. அதே தாய் எத்தியோப்பியராக இருந்தால் ஏன் அது கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. இது இரக்கத்தைப் பற்றிய கேள்வியோடு நின்றுவிடுவதில்லை, நேரடியாகப் பணத்தைப் பற்றியதும்கூட. அமெரிக்காவில் புகலிடம் கேட்டு மனு கொடுத்தவர் 150 நாட்கள் கழித்தே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும், அனுமதி கைக்கு வருவது அதற்கும் பிறகுதான். அந்த இடைக்காலத்தில் அவர் உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்து, கடன் வாங்கி, கணக்கில் வராத வேலைக்குக் குறைந்த கூலிக்குப் போவார். 2022 ஏப்ரலில் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் கீழ், பொறுப்பேற்கும் ஒருவரின் ஆதரவோடு விமானத்தில் வந்து இறங்கிய உக்ரைனியர்களுக்கு, அந்த ஆண்டு நவம்பர் முதல், உள்ளே நுழையும்போதே வேலை செய்யும் உரிமை இருந்தது. வருமானத்தின் முதல் படி இப்படிக் காகிதத்திலேயே வேறுபட்டுப் போகிறது. பிறகு வரும் பத்தாண்டுகளின் சேமிப்பு, வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த முதல் படியின் மேல்தான் ஏறுகின்றன.

காகிதம் என்ன செய்யும் என்பதை அறிய வடசென்னைக்காரர்கள் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பர்மாவில் 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கி, 1964-ல் 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது, ரங்கூனில் கடை வைத்திருந்த என் தாத்தா போன்றவர்கள் அநேகமாக வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வறுமையில் இறங்கினார்கள், ஆனால் இந்தியக் குடிமக்களாக இறங்கினார்கள். தாயகம் திரும்பியோர் என்ற சான்று இருந்தது, அதைக் காட்டி வியாபாரக் கடன் வாங்க முடிந்தது, வியாசர்பாடியில் குடியிருக்க இடம் கிடைத்தது, 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே பர்மா பஜார் உருவானது. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்ற தள்ளுவண்டிக்காரரின் மகன் அரசுத் தேர்வு எழுத முடிந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான், பேசுவதும் தமிழ்தான். ஆனால் அவர்கள் அகதிகளாகப் பதிவானார்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்லூரி முடித்தவர்களும் இன்றுவரை பெரும்பாலும் அகதிகளே. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை. முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021-ல் தமிழக அரசு மாற்றியது. அது மரியாதைக்குரிய செயல்தான், ஆனால் பெயர் மாற்றத்தால் பாஸ்போர்ட் வந்துவிடாது.

எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச வந்த ஓர் அண்ணன் புழல் காவாங்கரை முகாமைச் சேர்ந்தவர். பொறியியல் பட்டதாரி. உப்புத்தாளால் சுவரில் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டே, தலைமுடியிலும் இமைகளிலும் வெள்ளைத் தூசி படிந்திருக்க, அவர் சொன்னது எனக்கு எந்த அறிக்கையையும் விட அதிகம் சொல்லித் தந்தது. "இன்டர்வியூ எல்லாம் நல்லாத்தான் போச்சு தம்பி. கடைசியில பாஸ்போர்ட் காப்பி கேட்டாங்க. இல்லைன்னேன். மெயில் அனுப்புறோம்னாங்க." சுவரின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேடுபள்ளம் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார். பெயிண்டிங் வேலையில் அவர் வாங்கும் நாள் கூலியை மாதத்துக்குக் கணக்குப் போட்டால், புதிதாகச் சேரும் பொறியாளரின் சம்பளத்துக்கு அது குறைந்ததல்ல. ஆகையால் வருமான அட்டவணையில் அவரிடம் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அவர் பெயரில் நிலம் வாங்க முடியவில்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, உடம்பு முடியாமல் போகும் வயதில் கைகொடுக்க வருங்கால வைப்பு நிதி எதுவும் இல்லை. பொருளாதார நலன் என்பதை இன்றைய வரவால் மட்டும் அளப்பவர்களிடம் நான் எப்போதும் இவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இதே இரண்டு சமூகங்களை மிக அருகில் வைத்துப் பார்க்கக் கூடிய இன்னொரு நாடு இஸ்ரேல். அந்த நிலத்தில் பாலஸ்தீனர்களுக்கு மறுக்கப்படுவது தனியாக, விரிவாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே நான் பேசுவது அங்கே குடியேறிய யூதர்களுக்குள் இருக்கும் இடைவெளியைப் பற்றி மட்டும். 1984-ன் பஞ்சக் காலத்தில் கோண்டார், திக்ரே பகுதிகளின் கிராமங்களிலிருந்து சூடான் வரை நடந்தே போன எத்தியோப்பிய யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் மாண்டார்கள். மீந்தவர்களில் சுமார் 8,000 பேர் 'மோசே நடவடிக்கை' மூலம் இரகசியமாக விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். 1991 மே மாதம் 'சாலமோன் நடவடிக்கை'யில் 36 மணி நேரத்துக்குள் 14,000-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்ட ஒரே ஜம்போ விமானத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் ஏற்றப்பட்டார்கள். 1989-லிருந்து சோவியத் பகுதிகளிலிருந்து வந்த சுமார் 10 லட்சம் பேரில் உக்ரைனிலிருந்து வந்தவர்கள் கணிசமான பங்கு. இரு சாராருக்கும் குடியுரிமைக்கு வழி திறந்தது, யூதர்கள் இஸ்ரேலில் குடியேறும் உரிமையைச் சொல்லும் 1950-ஆம் ஆண்டின் அதே மீள்வருகைச் சட்டம்தான். எனவே, அமெரிக்காவில் இருந்த காகித வேறுபாடு இங்கே இல்லை. எஞ்சியிருப்பது, கொண்டுவந்த படிப்பும், வந்த இடம் நடத்திய விதமும்.

படிப்பில் இருந்த வித்தியாசம் பெரியது. கீவ், கார்கிவ், ஒடெசா போன்ற நகரங்களிலிருந்து வந்தவர்களில் பொறியாளர்களும் மருத்துவர்களும் இசைக் கலைஞர்களும் ஆசிரியர்களும் ஏராளம். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் குத்தகை உழவர்கள், கொல்லர்கள், மண்பாண்டம் செய்வோர். ஆனால் நடத்தப்பட்ட விதத்திலும் வித்தியாசம் இருந்தது. சோவியத்திலிருந்து வந்தவர்களுக்குப் பணத்தைக் கையில் கொடுத்து, விரும்பிய ஊரில் வாடகைக்கு இருந்துகொள்ளச் சொன்னார்கள். எத்தியோப்பியர்களை அதிகாரிகளின் மேற்பார்வையில் குடியமர்வு மையங்களில் வைத்தார்கள், பிள்ளைகளை மத உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு வீடு வாங்கத் தாராளமான கடன் கொடுத்தார்கள், அதில் பெரும்பகுதி மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் அந்தத் தொகைக்கு வீடு கிடைத்தது ஏற்கெனவே நலிந்த பகுதிகளில் மட்டுமே. ரெஹோவோத்தின் கிரியாத் மோஷே, கிரியாத் மலாக்கி போன்ற இடங்களில் அவர்கள் குவிந்தார்கள், சில பள்ளிகள் பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளாலேயே நிறைந்தன. சொந்த வீடு இருந்தும் சொத்தின் மதிப்பு ஏறாத நிலை அது. 2012-ல் கிரியாத் மலாக்கியில் எத்தியோப்பியர்களுக்கு வீடு விற்பதில்லை என்று குடியிருப்போர் சிலர் தங்களுக்குள் பேசி வைத்திருந்தது வெளியே தெரிந்து பெரிய போராட்டம் வெடித்தது. அதற்கு முன்பே, 1996-ல், எத்தியோப்பியர்கள் கொடுத்த இரத்தத்தை இரத்த வங்கி சத்தமில்லாமல் கொட்டிவிட்டது அம்பலமாகி அவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்ற முகவரியை எழுதலாமா, பெரம்பூர் என்று எழுதிவிடலாமா என்று யோசிக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, முகவரி ஒருவருடைய சம்பளத்தில் எவ்வளவு கைவைக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. எத்தியோப்பிய இஸ்ரேலியர்களில் வேலைக்குப் போகிறவர்களின் விகிதம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் குறைவானதல்ல. இடைவெளி இருப்பது அவர்கள் வாங்கும் சம்பளத்தில். சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. மறுபக்கம், சோவியத்திலிருந்து வந்தவர்களின் வெற்றிக் கதையும் முழுமையானதல்ல. தொடக்க ஆண்டுகளில் பொறியாளர்கள் தெருக் கூட்டினார்கள், மருத்துவர்கள் காவல் வேலை பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் வந்தவர்களுக்குப் போதிய பணிக்காலம் சேராததால் ஓய்வூதியம் மிகக் குறைவு, முதுமை வறுமை அந்தச் சமூகத்தின் தீராத குறையாக இன்றும் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஏறிவிட்டார்கள், பெற்றோர் ஏறவில்லை. சராசரியில் பிள்ளைகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் பகுதிப் பெண்களின் முகம் எனக்குத் தெரிகிறது. எத்தியோப்பியர்கள் எங்கே போனாலும் எக்குப் என்ற வழக்கத்தைக் கொண்டுபோகிறார்கள். பத்து இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டு, குலுக்கலில் பெயர் வருபவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. வட்டி இல்லை, தள்ளுபடி இல்லை, எழுத்துப் பத்திரம் இல்லை. வாஷிங்டனில் பலர் டாக்ஸி வாங்கியதும் சிறு உணவகம் தொடங்கியதும் இதில் வந்த பணத்தில்தான். என் அத்தை நடத்தும் குலுக்கல் சீட்டு அச்சு அசல் இதுவே. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி மாலையில், எவர்சில்வர் டம்ளரில் மடித்துப் போட்ட துண்டுச் சீட்டுகளிலிருந்து, தெருவில் விளையாடும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். பெயரைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, அங்கேயே பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கும் ஓர் அக்கா அந்தப் பணத்தில் ஐஸ் பெட்டி வாங்கி, மாலை வரை மீனைக் கெடாமல் வைத்து விற்கத் தொடங்கினார். வங்கி அவருக்கு அந்தக் கடனைக் கொடுத்திருக்காது. ஆனால் பல ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிய அவருடைய நாணயம் எந்த சிபில் கணக்கிலும் பதிவாகவில்லை. நாளை வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அவர் புது ஆள்.

உக்ரைனியர்கள் இந்த இடத்தில் ஒரு படி முன்னே போனார்கள். போருக்குப் பின் முகாம்களிலிருந்து வந்து, அமெரிக்க வங்கிகளில் கடன் பெறத் தகுதி காட்ட முடியாமல் நின்ற அவர்கள், தங்களுக்குள் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தொடங்கினார்கள். சிகாகோவில் 1951-ல் உருவான செல்ஃப்ரிலையன்ஸ் இன்றும் இயங்குகிறது. பதிவு பெற்ற சங்கம் என்பதால் போட்ட பணத்துக்குக் காப்பீடு வந்தது, வீட்டுக் கடன் நீண்ட தவணையில் கிடைத்தது, திருப்பிக் கட்டியது எழுத்தில் பதிவானது. சங்கத்தின் இலாபம் தாய்மொழிப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போனது. எக்குப்பில் புரண்ட நாணயமும் இங்கே புரண்ட நாணயமும் ஒன்றுதான். ஒன்று சட்டத்தின் கண்ணில் பட்டது, மற்றது படவில்லை. ஒரு தலைமுறைக்குப் பின் அது வீடாகவும், வீடு இல்லாமையாகவும் வளர்ந்து நிற்கிறது. எத்தியோப்பியச் சமூக அமைப்புகள் அமெரிக்காவில் சிறுதொழில் கடன் திட்டங்களை நடத்தி வருவதை மிகவும் நம்பிக்கையோடு பார்க்கிறேன். எங்கள் பகுதியின் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இந்த வழியில்தான் போக வேண்டும், சீட்டு நோட்டில் மட்டும் இருக்கும் நாணயம் வங்கியிலும் ஏற வேண்டும்.

இப்போது உக்ரைனியர்களின் காகிதமும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2022-ல் சிறப்புத் திட்டத்தில் வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒருமுறைக்கு 2 ஆண்டு அனுமதி மட்டுமே, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு அதிலிருந்து நேர்வழி கிடையாது. 2025 ஜனவரியில் புதிய அமெரிக்க அரசு அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது. கீவில் கணக்காளராக இருந்து, சிகாகோவில் வேலை தேடிக்கொண்டு, அனுமதி முடியும் தேதியை எண்ணிக்கொண்டிருப்பவரின் நிலை, 1951-ல் கடன் சங்கத்தில் சேர்ந்த உக்ரைனியரின் நிலையைவிட, புகலிட மனுவின் முடிவுக்காகக் காத்திருக்கும் எத்தியோப்பியரின் நிலைக்கு நெருக்கமானது. ஆனாலும் வரப்போகும் அட்டவணைகளிலும் அவர் கொள்ளுப்பேத்தி வழக்கறிஞரோடு ஒரே வரியில்தான் எழுதப்படுவார். அந்த வரியை வந்த ஆண்டு, வந்த வழி, முடித்த படிப்பு, மணிக்கு வாங்கும் கூலி என்று பிரித்துப் போடுமாறு கணக்கெடுப்பவர்களைக் கேட்க வேண்டும். புழலுக்கும் வியாசர்பாடிக்கும் எடுக்கும் கணக்கிலும் அதே நான்கு கட்டங்கள் வேண்டும்.